இரு கண் போதுமா?
தூரம் அளக்கக் கற்றுக்கொண்ட இயந்திரங்களின் கதை

(மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு, 2007–2011)



"உன் வேலையைப் பத்தி ஏதாவது எழுதிக் கொடுப்பா, ஆனா எங்க எல்லாருக்கும் புரியணும்" என்று ஒரே ஒரு நிபந்தனையோடு மலர்க் குழுவினர் எனக்குச் சில பக்கங்களை ஒதுக்கியிருக்கிறார்கள். ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றியும் கல்சுரல்ஸ் பற்றியும் எழுத என்னைவிட நல்ல கைகள் இந்த மலரிலேயே இருக்கின்றன. நான் கம்ப்யூட்டருக்குக் கண் வைக்கும் தொழிலில் இருப்பவன். அந்தக் கண் எப்படி வந்தது, ஏன் அது இன்னும் தனியாக நம்பத் தகுந்ததாக இல்லை என்ற வரலாற்றைச் சொல்கிறேன். சிவில், மெக்கானிக்கல், இ.சி.இ., கம்ப்யூட்டர் சயின்ஸ் எல்லாருக்கும் இதில் பங்கு உண்டு.

முதலில் ஒரு சின்னச் சோதனை. ஒரு கையில் பேனா, மறு கையில் அதன் மூடி. இரண்டு கையையும் நன்றாக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பேனாவைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து மூடியில் செருகிப் பாருங்கள். முதல் தடவை அநேகமாகத் தவறும். இரண்டு கண்ணையும் திறந்தால் சட்டென்று பொருந்தும். நம் இரு கண்களுக்கும் நடுவே உள்ள ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி செய்யும் வேலை இது.

பரங்கிமலையும் பிசிக்ஸ் லேபும்

இந்த இடைவெளியின் மகிமையை முதலில் நிரூபித்தவர் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன். ஆமாம், பிளஸ் டூ பிசிக்ஸ் லேபில் நம்மைப் படுத்தி எடுத்த அதே வீட்ஸ்டன் சமனச் சுற்றுக்காரர்தான்! 1838-இல் அவர் ராயல் சொசைட்டியில் வாசித்த கட்டுரையில், ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட இரு கோணங்களில் கோட்டுப் படமாக வரைந்து, இரண்டு கண்ணாடிகள் வழியே ஒவ்வொரு கண்ணுக்கும் ஒவ்வொரு படத்தைக் காட்டினால், தட்டையான கோடுகள் கனமான பொருளாக எழுந்து நிற்கும் என்று காட்டினார். அந்தக் கருவிக்கு ஸ்டீரியோஸ்கோப் என்று பெயர். போட்டோ எடுக்கும் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே அடுத்த ஆண்டில்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதற்குள் இருக்கும் கணக்கு சிவில் நண்பர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் எஃகுச் சங்கிலியால் ஏறக்குறைய ஏழரை மைல் நீள அடிக்கோடு ஒன்றை அளக்க ஆரம்பித்தார். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு புள்ளியைப் பார்த்துக் கோணங்களை அளந்தால் போதும், அங்கே நடந்து போகாமலே தூரம் கிடைத்துவிடும். இந்தியா முழுவதும் விரிந்த முக்கோண அளவீடு அந்தக் கோட்டிலிருந்துதான் கிளம்பியது. ஸ்டீரியோ பார்வையும் அதே முக்கோணம்தான். லாம்ப்டனின் அடிக்கோடு ஏழரை மைல், நம்முடையது ஆறரை சென்டிமீட்டர். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வித்தியாசம் சாதாரணமில்லை. ஒரு கணக்கு போடுவோம். இரண்டு காமிராக்களை 10 சென்டிமீட்டர் தள்ளி வைக்கிறோம். லென்ஸின் குவியத் தூரம் 1000 பிக்ஸலுக்குச் சமம் என்று வையுங்கள். 1 மீட்டர் தூரத்தில் உள்ள பொருள், இடது படத்துக்கும் வலது படத்துக்கும் இடையே 100 பிக்ஸல் நகர்ந்து தெரியும். 10 மீட்டரில் அந்த விலகல் 10 பிக்ஸல். 100 மீட்டரில் வெறும் 1 பிக்ஸல். இப்போது விலகலை அளப்பதில் கால் பிக்ஸல் பிசகு வந்தால் என்ன ஆகும்? 1 மீட்டரில் பிழை இரண்டரை மில்லிமீட்டர். 10 மீட்டரில் 25 சென்டிமீட்டர். 100 மீட்டரிலோ 25 மீட்டர்! தூரம் பத்து மடங்கானால் பிழை நூறு மடங்காகிறது. ஸ்டீரியோவின் ஜாதகத்திலேயே எழுதியிருக்கும் தோஷம் இது. பரிகாரம் தேடித்தான் அடுத்தவர்களிடம் போக வேண்டியிருக்கிறது.

முதல் கூட்டணி போர்க்கப்பலில் அமைந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மன் கப்பல்களில் மனிதனின் இரு கண்ணையே பயன்படுத்தும் ஸ்டீரியோ தூரமானிகள் இருந்தன. பல அடி நீளக் குழாய், இரு முனையிலும் கண்ணாடி, நடுவில் பயிற்சி பெற்ற ஆள். பிறகு இரண்டாம் உலகப் போரில் ரேடார் வந்தது. ஆரம்ப காலப் பீரங்கி ரேடார்கள் தூரத்தைத் துல்லியமாகச் சொல்லும், திசையில் கொஞ்சம் மழுப்பும். கண்ணாடிக் கருவி திசையைத் துல்லியமாகச் சொல்லும், தூரத்தில் மழுப்பும். எனவே தூரத்தை இதிடமும் திசையை அதிடமும் வாங்கிக் கொண்டார்கள். நாம் பேசப் போகும் விஷயத்தின் சாராம்சம் இதில் வந்துவிட்டது. ஒரே மாதிரி கருவி இரண்டைச் சேர்ப்பதைவிட, வேறு வேறு விதமாகத் தவறு செய்யும் கருவிகளைச் சேர்ப்பதில் லாபம் அதிகம்.

எந்தப் புள்ளி எந்தப் புள்ளி?

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். முக்கோணக் கணக்கு கம்ப்யூட்டருக்கு ஜுஜுபி. கஷ்டம் அதற்கு முந்தின படியில் இருக்கிறது. இடது படத்தில் உள்ள இந்தப் புள்ளி, வலது படத்தில் எது? இதைப் பொருத்தப் பிரச்னை என்று சொல்லலாம்.

1956 ஹங்கேரிப் புரட்சிக்குப் பின் அமெரிக்காவுக்கு வந்து பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த பேலா யூலேஷ் என்ற எஞ்சினியர், 1960-இல் வெளியிட்ட சோதனையில் ஒரு வேடிக்கை செய்தார். கம்ப்யூட்டரைக் கொண்டு தாறுமாறான கறுப்பு வெள்ளைப் புள்ளிகளால் இரண்டு படங்கள் அச்சிட்டார். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, டி.வி.யில் சேனல் வராதபோது தெரியும் புள்ளி மழைதான். ஆனால் ஸ்டீரியோஸ்கோப்பில் பார்த்தால் நடுவில் ஒரு சதுரம் மிதக்கிறது! அதாவது, பொருள் என்னவென்று அடையாளம் தெரிவதற்கு முன்பே மூளை ஆழத்தைக் கண்டுபிடித்துவிடுகிறது. அப்படியானால் இயந்திரத்துக்கும் சொல்லிக் கொடுக்க முடியும் என்ற நம்பிக்கை பிறந்தது.

1976-இல் டேவிட் மாரும் டொமாசோ போஜியோவும் அதற்கு வழி சொன்னார்கள். இரண்டே விதிகள். ஒரு புள்ளிக்கு ஒரு ஜோடிதான் இருக்க முடியும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் பெரும்பாலும் ஒரே ஆழத்தில்தான் இருக்கும். இவற்றை வைத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று பேசி ஒரு முடிவுக்கு வரட்டும் என்றார்கள். மார் 1980-இல் 35 வயதிலேயே ரத்தப் புற்றுநோயால் காலமானார். அவருடைய 'விஷன்' புத்தகம் 1982-இல்தான் வெளிவந்தது. இந்தத் துறையில் இருக்கும் எவரும் இன்றும் அந்தப் புத்தகத்தைத் தாண்டிப் போக முடியாது.

ஆனால் விதிகள் உடையும் இடங்கள் நம் வீட்டிலேயே இருக்கின்றன. சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர்: எல்லாப் புள்ளியும் ஒன்றுபோல, எதை எதோடு பொருத்துவது? ஜன்னல் கம்பி: மூன்றாவது கம்பியை நான்காவது கம்பியோடு பொருத்திவிட்டால் தூரம் முழுக்கத் தப்பு. பளபளக்கும் எவர்சில்வர் குடம்: இடது கண் பார்க்கும் மினுக்கமும் வலது கண் பார்க்கும் மினுக்கமும் குடத்தின் ஒரே இடத்தில் இல்லை.

ஐந்து மணி நேரத்தில் இருபது மீட்டர்

இந்தக் கஷ்டத்தை வண்டியில் ஏற்றிப் பார்த்தவர் ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஹான்ஸ் மொராவெக். அவருடைய தள்ளுவண்டி போன்ற ரோபோவில் ஒரே ஒரு டி.வி. காமிரா. அது ஒரு தண்டவாளத்தில் பக்கவாட்டாக நகர்ந்து ஒன்பது இடங்களில் நின்று படம் எடுக்கும். இரண்டு கண்ணுக்குப் பதில் ஒன்பது கண். ஒரு ஜோடியில் தப்பாகப் பொருந்திய புள்ளியை மற்ற ஜோடிகள் ஓட்டுப் போட்டுத் தோற்கடிக்கும். 1979-இல் அந்த வண்டி நாற்காலிகள் போட்ட அறை ஒன்றை யார் உதவியும் இல்லாமல் கடந்தது. சுமார் 20 மீட்டருக்கு 5 மணி நேரம்! ஒரு மீட்டர் நகரும், பத்து பதினைந்து நிமிடம் யோசிக்கும், மறுபடி ஒரு மீட்டர். வெளியே வெயிலில் விட்டபோது இன்னொரு கூத்து. அது யோசித்து முடிப்பதற்குள் சூரியன் நகர்ந்து, நிழல்கள் இடம் மாறிவிடும்.

ஒன்பது கண் இருந்தும் எல்லாம் ஒரே ஜாதிக் கண். நிழல் ஏமாற்றினால் ஒன்பதும் சேர்ந்துதான் ஏமாறும்.

மொராவெக் பிறகு பிட்ஸ்பர்க்கில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ஒரு எதிர்பாராத விருந்தாளி காத்திருந்தது. போலராய்டு கம்பெனி 1978-இல் தன் உடனடிப் போட்டோ காமிராவில், தானாகவே போக்கஸ் செய்வதற்காக அல்ட்ராசானிக் ஒலி அனுப்பி எதிரொலி கேட்கும் சின்ன வட்டத் தகடு ஒன்றை வைத்தது. வௌவால் வித்தைதான். அந்தத் தகட்டைத் தனியாகவும் விற்றார்கள். உலகத்து ரோபோ ஆய்வுக்கூடங்கள் எல்லாம் அதை வாங்கி ரோபோக்களைச் சுற்றி ஒட்டியாணம் மாதிரி மாட்டின. குடும்ப போட்டோ எடுக்கச் செய்த பொருள், ரோபோவின் காதாகிப் போனது.

அந்தக் காது "இரண்டு மீட்டரில் ஏதோ இருக்கிறது" என்று சரியாகச் சொல்லும். ஆனால் எந்தப் பக்கம் என்று கேட்டால், சுமார் 30 டிகிரி அகல விசிறியைக் காட்டி "இதுக்குள்ள எங்கேயோ" என்று சொல்லும். ஸ்டீரியோ கண்ணோ பொருளின் ஓரத்தைத் துல்லியமான திசையில் காட்டும், ஆனால் வெள்ளைச் சுவரில் குருடு. காதுக்கு வெள்ளைச் சுவர் நேரே நின்றால் சர்க்கரைப் பொங்கல், சாய்ந்து நின்றால் ஒலி வேறு பக்கம் தெறித்துவிடும்.

இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? 1985-இல் மொராவெக்கும் ஆல்பெர்ட்டோ எல்ஃபஸும் தரையைக் கணக்கு நோட்டு மாதிரி கட்டம் கட்டினார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் "இங்கே பொருள் இருக்கிறது" என்பதற்கான நிகழ்தகவு ஒரு எண். 1988-இல் எல்ஃபஸும் லாரி மாத்தீஸும் அதே கட்டத்தில் சோனார் சொன்னதையும் ஸ்டீரியோ சொன்னதையும் சேர்த்து எழுதினார்கள்.

கணக்கு சுலபம். ஒரு கட்டத்தைப் பற்றிக் காது "இருக்கலாம், 70 சதம்" என்கிறது. அதாவது 7-க்கு 3. கண் "இருக்கிறது, 80 சதம்" என்கிறது. 8-க்கு 2. இரண்டையும் பெருக்கினால் 56-க்கு 6. அதாவது 90 சதவீதம். தனித்தனியாக இருந்ததைவிட நம்பிக்கை கூடிவிட்டது. மாறாகக் கண் "20 சதம்தான்" என்று சொன்னால்? 7-க்கு 3, பெருக்கல் 2-க்கு 8: 14-க்கு 24, ஏறக்குறைய 37 சதம். "இன்னும் தெரியவில்லை, கிட்டே போய்ப் பார்" என்று பொருள். மூன்றாம் செமஸ்டரில் பேயஸ் தேற்றம் எதற்கு என்று முணுமுணுத்தவர்கள் (நானும்தான்) கவனிக்க!

ஆனால் இந்தப் பெருக்கலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு சாட்சிகளும் தனித்தனியாகப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதைக் கேட்டு மற்றவர் சொன்னால் அது இரண்டு சாட்சி ஆகாது. ஒரே மழை இரண்டு கருவியையும் ஒரே நேரத்தில் கெடுத்தாலும் அப்படித்தான்.

கண்ணுக்குள்ளேயே ஒரு கூட்டணி

அதே காலத்தில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரூஜெனா பாய்சி என்ற பெண் பேராசிரியர் வேறு கோணத்தில் யோசித்தார். பார்ப்பது என்பது சும்மா உட்கார்ந்து படம் வாங்குவதல்ல, தேடிப் போய்ப் பார்ப்பது என்பது அவர் கட்சி. மனிதக் கண் என்ன செய்கிறது? கிட்டே உள்ள பொருளைப் பார்க்கக் கருவிழிகள் உள்பக்கம் திரும்புகின்றன. லென்ஸ் தடித்துக் கூர்மைப்படுத்துகிறது. இரண்டு படங்களின் விலகலும் சேர்கிறது. மூன்றும் ஒன்றுக்கொன்று துப்புக் கொடுக்கின்றன.

அவருடைய மாணவர் எரிக் குரோட்கோவ் இதை இயந்திரத்தில் செய்தார். மோட்டார் வைத்த லென்ஸ், திரும்பக் கூடிய இரண்டு காமிரா. முதலில் ஒரு பொருள் மீது போக்கஸை முன்னும் பின்னும் நகர்த்தி, எங்கே மிகக் கூர்மையாகத் தெரிகிறது என்று பார்த்தால் தோராயத் தூரம் கிடைக்கும். அந்தத் தூரத்துக்கு ஏற்ப இரண்டு காமிராவும் திரும்பும். இப்போது ஸ்டீரியோ, படம் முழுக்கத் தேடாமல், போக்கஸ் சொன்ன இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் தேடினால் போதும். நம்ம ஜன்னல் கம்பி நினைவிருக்கிறதா? மூன்றாவது கம்பியா நான்காவதா என்ற சந்தேகத்தை போக்கஸ் தீர்த்துவிடும். பதிலுக்கு, போக்கஸ் சொன்ன தூரத்தை ஸ்டீரியோ சரிபார்க்கும். இவர்களின் ஆய்வு 1989-இல் புத்தகமாகவும், 1993-இல் விரிவான கட்டுரையாகவும் வந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நம் நாட்டவரான நரேந்திர அஹூஜாவும் லின் அபாட்டும் 1988-இலேயே போக்கஸ், விழித் திருப்பம், ஸ்டீரியோ மூன்றையும் இணைத்து ஒரு பரப்பை அளந்து காட்டியிருந்தார்கள்.

கோடு போட்டுப் பார்த்த குட்டி வண்டி

1997 ஜூலை 4-ஆம் தேதி செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய பாத்ஃபைண்டரில் சோஜர்னர் என்ற பத்தரை கிலோ எடையுள்ள குட்டி வண்டி இருந்தது. அதன் மூளை 80சி85. ஆமாம், நாம் மைக்ரோபிராசஸர் லேபில் ஹெக்ஸ் கோடு தட்டிய 8085-இன் தம்பிதான்! அந்த மூளையை வைத்துக்கொண்டு படம் முழுக்க ஸ்டீரியோ பொருத்தம் பார்ப்பது நடக்கிற காரியமா?

நாசாவின் ஜே.பி.எல். எஞ்சினியர்கள் பொருத்தப் பிரச்னையையே சுற்றிக்கொண்டு போனார்கள். வண்டியின் முன்னால் இரண்டு காமிராவோடு ஐந்து லேசர் கோடுகளை வைத்தார்கள். லேசர் கோடு தரையில் விழுந்தால், படத்தில் அந்தக் கோடு எங்கே வளைகிறது என்று மட்டும் பார்த்தால் போதும். மேடு என்றால் ஒரு பக்கம் வளையும், பள்ளம் என்றால் மறுபக்கம். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் மொத்தம் 20 புள்ளிகளின் தூரம். அதை வைத்தே அந்த வண்டி பாறைகளைத் தவிர்த்து நடந்தது.

2004 ஜனவரியில் போன ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி வண்டிகளில் மூளை கொஞ்சம் பெரிது, லேசர் இல்லாமலே முழு ஸ்டீரியோ. இருந்தாலும் 2005 ஏப்ரலில் ஆப்பர்சூனிட்டி மணல் மேட்டில் சிக்கியது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்க, சக்கரக் கணக்கு "முன்னேறுகிறேன்" என்று சொல்ல, வண்டி நின்ற இடத்திலேயே புதைந்துகொண்டிருந்தது. வெளியே எடுக்க ஐந்து வாரத்துக்கு மேல் ஆயிற்று. அதன் பிறகு, சந்தேகமான மணலில் சக்கரம் சொல்வதைக் காமிரா சொல்வதோடு அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கமானது. ஸ்டீரியோ படங்களில் பாறைகள் நகரவில்லை என்றால் வண்டியும் நகரவில்லை என்று அர்த்தம்.

பூ விளக்கும் ஒளி ஓட்டமும்

வெள்ளைச் சுவரில் பொருத்த எதுவும் இல்லை என்றால் நாமே எதையாவது தூவிவிட்டால் என்ன? எம்.ஐ.டி.யில் கீத் நிஷிஹாரா 1984-இலேயே ப்ரொஜெக்டரால் தாறுமாறான புள்ளிக் கோலத்தை அடித்து ஸ்டீரியோவுக்குக் கை கொடுத்தார். சுவரில் கோலம் போட்ட மாதிரி.

2010 நவம்பரில், எங்கள் அணி இறுதி ஆண்டில் இருந்தபோது, மைக்ரோசாஃப்ட்டின் கினெக்ட் வந்தது. பிரைம்சென்ஸ் என்ற இஸ்ரேல் கம்பெனியின் வித்தை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுக்கத் தூவி, ஒரே காமிராவால் பார்த்துத் தூரம் கணக்கிட்டது. இரண்டு கண்ணில் ஒன்றின் இடத்தில் ப்ரொஜெக்டர் உட்கார்ந்துகொண்டது, முக்கோணம் அதே முக்கோணம். முதல் 60 நாளில் 80 லட்சம் விற்றது. ஆய்வுக்கூடங்களில் லட்சக்கணக்கில் விலை இருந்த ஆழக் காமிரா, விளையாட்டுச் சாமானாக 150 டாலருக்கு வந்துவிட்டது. ஆனால் வெயிலில் கொண்டுபோனால் அவ்வளவுதான். சூரியனின் அகச்சிவப்பு அந்தப் புள்ளிகளை விழுங்கிவிடும். 2018-இல் இன்டெல் கொண்டுவந்த ரியல்சென்ஸ் டி400 வரிசை இதற்கு ஒரு சமரசம் செய்தது. இரண்டு காமிரா, கூடவே புள்ளி தூவும் ப்ரொஜெக்டர். அறைக்குள் புள்ளியை வைத்துப் பார்க்கும். வெளியே புள்ளி மங்கினாலும் புல், மண், சரளை இவற்றின் இயற்கைக் கோலத்தை வைத்துச் சாதாரண ஸ்டீரியோவாக ஓட்டும். நிஷிஹாராவின் யோசனை கடைச் சரக்காக முப்பது சொச்சம் ஆண்டுகள் பிடித்தன.

இன்னொரு குடும்பம், ஒளி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் காமிரா. ஒளி ஒரு நானோ செகண்டில் 30 சென்டிமீட்டர் போகும். போய்த் திரும்ப வேண்டும் என்பதால், 1 சென்டிமீட்டர் வித்தியாசம் தெரிய சுமார் 67 பிக்கோ செகண்ட் நுட்பம் தேவை. இதன் நல்ல குணம், தூரம் கூடினால் ஸ்டீரியோ மாதிரி பிழை மளமளவென்று ஏறுவதில்லை, வெள்ளைச் சுவரும் பிரச்னையில்லை. கெட்ட குணம், படம் சிறியது. அந்நாளைய ஒரு பிரபல மாடலில் 176-க்கு 144 புள்ளிகள்தான். கறுப்புப் பொருள் ஒளியைத் தின்றுவிடும், மூலைகளில் ஒளி இரண்டு முறை எதிரொலித்து ஏமாற்றும்.

இரண்டையும் சேர்க்கும் முயற்சிகள் வரிசையாக வந்தன. 2005-இல் டீபெலும் த்ருனும் லேசரின் சொற்பப் புள்ளிகளை உயர்தரப் போட்டோவோடு இணைத்தார்கள். நிறம் மாறும் இடத்தில் ஆழமும் மாறக்கூடும் என்பது அடிப்படை. 2006-இல் ஜெர்மனியின் கூனெர்ட்டும் ஷ்டோமலும் நேரக் காமிராவை ஸ்டீரியோவோடு சேர்த்தார்கள். 2008-இல் கென்டக்கியில் ஜூ, யாங் முதலானோர் ஒவ்வொரு பிக்ஸலிலும் யாரை எவ்வளவு நம்புவது என்பதையே கணக்கில் சேர்த்தார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் தொழிற்சாலைகளில் அதிகம் வழுக்கும் இடம் இது. ஸ்டீரியோ "300 செ.மீ., பிழை 2 செ.மீ." என்கிறது. நேரக் காமிரா "303 செ.மீ., பிழை 1 செ.மீ." என்கிறது. பாதிக்குப் பிழை உள்ளவருக்கு நான்கு மடங்கு மரியாதை. கூட்டினால் 302.4, பிழையும் 0.9 ஆகக் குறைகிறது. நல்ல வியாபாரம். ஆனால் ஸ்டீரியோ ஜன்னல் கம்பியைத் தப்பாகப் பொருத்தி 200 என்று சொல்லியிருந்தால்? அப்போதும் அதே சூத்திரம் 282.4 என்று ஒரு எண்ணைத் தயங்காமல் கொடுக்கும். அந்த இடத்தில் எந்தப் பொருளும் இல்லை. ஆளில்லாத இடத்துக்கு ரோபோ கையை நீட்டும். சின்னச் சின்னப் பிசகுகளைச் சராசரி எடுக்கலாம். அடிப்படையே வேறுபடும்போது சராசரி எடுக்கக் கூடாது, யாராவது ஒருவர் தப்பு என்று முடிவு செய்தாக வேண்டும். இரண்டு கடிகாரம் ஒரு நிமிடம் வித்தியாசம் காட்டினால் நடுவில் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று நின்றே போயிருந்தால்?

சென்சார்கள் பார்த்தன, ஆனால்...

2005 அக்டோபர் 8-ஆம் தேதி அமெரிக்கப் பாலைவனத்தில் நடந்த ஆளில்லா வண்டிப் பந்தயத்தில் ஸ்டான்ஃபோர்டின் ஸ்டான்லி சுமார் 212 கிலோமீட்டரை 7 மணிக்கும் குறைவான நேரத்தில் ஓடி ஜெயித்தது. முந்தைய ஆண்டு எந்த வண்டியும் 12 கிலோமீட்டரைக் கூடத் தாண்டவில்லை. ஸ்டான்லியின் மாடியில் ஐந்து லேசர்கள். ஆனால் அவை கிட்டத்துத் தரையைத்தான் நம்பகமாகச் சொல்லும், வேகமாக ஓட அது பத்தாது. எனவே லேசர் "இது நல்ல பாதை" என்று சொன்ன தரையின் நிறத்தைக் காமிரா அப்போதைக்கப்போது கற்றுக்கொண்டு, அதே நிறம் தொலைவில் எங்கே தொடர்கிறது என்று பார்த்தது. இங்கே லேசர் ஆசிரியர், காமிரா மாணவன்.

இந்த ஆசிரியர்-மாணவர் உறவு ஆராய்ச்சி உலகத்திலும் உண்டு. 2003-இல் ஷார்ஸ்டைனும் ஸெலிஸ்கியும் ப்ரொஜெக்டர் கோடுகளால் அளந்த ஆழத்தை விடைத்தாளாக வைத்து ஸ்டீரியோ நிரல்களுக்குப் பரீட்சை வைத்தார்கள். 2012-இல் கார்ல்ஸ்ரூ நகரத் தெருக்களில் கார் மேல் சுழலும் லேசரை வைத்து எடுத்த கிட்டி தொகுப்பு அதே வேலையைச் சாலைக்குச் செய்தது. ஒரு முறையை இன்னொரு முறையால் சரிபார்க்காவிட்டால் எது முன்னேற்றம் என்றே தெரியாது.

பந்தயத்தில் ஜெயித்தது எளிதாகத் தெரு வண்டியாகிவிடும் என்று பலர் நினைத்தார்கள். 2018 மார்ச் 18 இரவு, அரிஸோனா மாநிலம் டெம்பி நகரில் ஊபரின் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணியின் மேல் மோதியது. அவர் இறந்துபோனார். 2019-இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வெளியிட்ட விசாரணை முடிவைப் படித்தால் நெஞ்சு கனக்கும். மோதலுக்கு 5.6 விநாடி முன்பே ரேடார் அவரைக் கண்டுவிட்டது. லேசரும் கண்டது. ஆனால் மென்பொருள் அவரை ஒரு கணம் வாகனம் என்றது, ஒரு கணம் "வேறு ஏதோ" என்றது, ஒரு கணம் சைக்கிள் என்றது. ஒவ்வொரு முறை பெயர் மாறும்போதும் அதற்கு முன் அவர் எப்படி நகர்ந்தார் என்ற கணக்கை மறந்துவிட்டது. குறுக்கே நடப்பவர் பாதசாரிக் கடவை இல்லாத இடத்தில் வரலாம் என்பதே அதற்குச் சொல்லித் தரப்படவில்லை. மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்தவரின் கவனமும் சாலையில் இல்லை.

தூரம் தெரியாமல் நடந்த விபத்தல்ல அது. தூரம் தெரிந்தது. சாட்சிகள் வந்து சொன்னார்கள். கேட்டவருக்கு யார் சொன்னதை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நம் தொழிலில் யாராவது "இன்னொரு சென்சார் வைத்துவிட்டால் சரியாகிவிடும் சார்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த 5.6 விநாடிதான் நினைவுக்கு வருகிறது.

இதைப் பார்த்து இரண்டு கட்சிகள் உருவாயின. 2021 மே மாதம் டெஸ்லா தன் சில மாடல்களில் ரேடாரையே எடுத்துவிட்டது. ரேடாரும் காமிராவும் முரண்படும்போது யாரை நம்புவது என்பதே தலைவலி, காமிராவை மட்டும் நன்றாகச் செய்வோம் என்பது அவர்கள் வாதம். வேமோ மாதிரிக் கம்பெனிகள் லேசர், ரேடார், காமிரா மூன்றையும் வைத்துக்கொண்டன. முரண்பாடுதான் எச்சரிக்கை மணி, அதை எடுத்துவிட்டால் தப்பு நடப்பதே தெரியாது என்பது இந்தக் கட்சியின் வாதம். நான் இரண்டாவது கட்சி. ஆனால் முதல் கட்சி சுட்டிக்காட்டும் தலைவலி நிஜம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நிலாவில் ஒரு பள்ளம்

2023 ஆகஸ்ட் 23 மாலை நாம் எல்லாரும் டி.வி. முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். சந்திரயான்-3 இறங்கியபோது அதில் லேசர் உயரமானி, ரேடியோ அலை உயரமானி, லேசர் வேகமானி, தரையைப் பார்த்து வேகம் கணிக்கும் காமிரா, ஆபத்தான இடத்தைத் தவிர்க்கும் காமிரா எல்லாம் இருந்தன. 2019-இல் சந்திரயான்-2 தரையில் மோதியதற்குப் பிறகு, ஒன்று தவறினால் என்ன, இரண்டு தவறினால் என்ன என்று கேட்டுக் கேட்டு வடிவமைத்த கலம் அது. திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பதில் நமக்குத் தனிப் பெருமை.

இறங்கிய பிரக்யான் வண்டியின் முன்னால் இரண்டு காமிரா. வீட்ஸ்டன் காட்டிய அதே ஜோடி. ஆகஸ்ட் 27-ஆம் தேதி, 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று தெரிந்தது. பூமியிலிருந்து உத்தரவு போனது, வண்டி வந்த வழியே திரும்பி வேறு பாதையில் நடந்தது. கிட்டத்தில் ஸ்டீரியோ எவ்வளவு நம்பகமானது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இரண்டு சாதாரண வெப்காமிரா, ஒரு அல்ட்ராசானிக் சென்சார், சில நூறு ரூபாய் விலையுள்ள மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. மொராவெக்கும் எல்ஃபஸும் எண்பதுகளில் பெரிய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு போராடிய சோதனையை உங்கள் மேசையிலேயே செய்யலாம். செய்யும்போது ஒன்றை மட்டும் விடாதீர்கள். ஒவ்வொரு கருவியும் எந்தப் பொருள் முன்னால், எந்த வெளிச்சத்தில், எவ்வளவு தப்பு செய்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வெள்ளைச் சுவர், ஜன்னல் கம்பி, எவர்சில்வர் குடம், கண்ணாடிக் கதவு எல்லாவற்றையும் காட்டிப் பாருங்கள். அந்த நோட்டு இல்லாமல் இரண்டு சென்சாரைச் சேர்க்க முடியாது. அந்த நோட்டு இருந்தால் மீதி வெறும் கூட்டலும் பெருக்கலும்தான்.

நம் துறையில் இப்படி ஒரு மேசைக்கு இடம் கொடுப்பதாக இருந்தால், காமிராவும் சென்சாரும் வாங்கித்தர எங்கள் அணியில் நாலு பேர் தயாராக இருக்கிறோம். சங்கத்தார் தேநீர் இடைவேளையில் எங்களைப் பிடித்துக்கொள்ளலாம்!